'ரன்' என்னும் ஆங்கில வினையின் பொருள் விரிவு

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு 'செட்' என்னும் வினைக்கு உரியதாக இருந்தது. 2011இல் வெளிவந்த திருத்தத்தில் 'ரன்' அதனை விஞ்சியது. இவ்வினைக்கு மட்டும் 645 பொருள்கள் பகுக்கப்பட்டன.

பழைய ஆங்கிலத்திலேயே இவ்வினை விரைந்து செல்லுதலையும் நீரின் ஒழுக்கையும் குறித்தது. பிற்கால வழக்குகள் பலவற்றுக்கு அடிப்படை விரைவன்று. நீரொழுக்கில் காணப்படும் தொடர்ச்சியே. சாலை மலையூடே செல்வதும், குத்தகை நடப்பிலிருப்பதும் இவ்வினையால் சுட்டப்படுவது இதனால்தான். இயந்திரப் பெருக்கத்தோடு இத்தொடர்ச்சி இடையறாத இயக்கமாகப் பொருள் பெற்றது. பொறியை இயக்குதல், நிறுவனத்தை நடத்துதல், 20ஆம் நூற்றாண்டில் கணினி நிரலைச் செயற்படுத்துதல் ஆகியன அவ்வழியில் அமைந்தவை. தேர்தலில் நிற்றலை அமெரிக்கர் இவ்வினையால் குறிக்க, பிரித்தானியர் 'நில்' என்னும் பொருளுடைய 'ஸ்டாண்ட்' என்பதை ஆளுகின்றனர்.

தமிழிலும் பொறி 'ஓடுகிறது'. ஆயினும் கடையை 'நடத்துகிறார்' என்பதற்கும் 'ஓட்டுகிறார்' என்பதற்கும் வேறுபாடுண்டு. பின்னது இடர்ப்பட்டுக் காலந்தள்ளும் குறிப்புடையது. எனவே, பொருள்களை எண்ணிட்டு அடுக்குவதோடு இருமொழி அகராதியின் பணி முடிவதில்லை. ஒரு பொருளிலிருந்து மற்றொன்று கிளைத்த வழியையும் அது காட்டவேண்டும்.