ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு?

இன்னைக்கு எபிசோட் ஒரு எண்ணிக்கையைப் பத்தினது. இருமலும் சளியுமா இருக்கிற குழந்தை ஒரு நிமிஷத்துல எத்தனை தடவை மூச்சு விடுது? இதை எண்ணிப் பார்த்து, "இது சாதாரண சளி", "இது நிமோனியா"ன்னு ஒரு கிராம நர்ஸ் முடிவெடுக்கலாம்னு உலகம் ஒத்துக்கிட்டது ரொம்பப் பழைய விஷயம் இல்ல. 1980-கள்லதான்.

ஆனா கதையைத் திருவட்டாறு பக்கத்துல இருந்து ஆரம்பிக்கணும். ஆதிகேசவப் பெருமாள் கோயில், ஆறு, ரப்பர் தோட்டம், வருஷத்துல ரெண்டு மழைக்காலம். 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முன்பு இது திருவிதாங்கூர். அங்கே 1813-லேயே, ராணி கௌரி லட்சுமி பாய் காலத்தில், அம்மைத் தடுப்பு தொடங்கிவிட்டது. திருவட்டாறுக்குத் தெற்கே நெய்யூரில் 1838-இல் ஆர்ச்சிபால்ட் ராம்சே என்ற மருத்துவர், லண்டன் மிஷன் சார்பில் மருத்துவப் பணியைத் தொடங்கினார்.

சரி, ஒரு டாக்டர் வந்தாச்சு. சுத்துப்பட்டு ஊர் அத்தனைக்கும் ஒருத்தர் போதுமா? போதாது. 1860-களில் நெய்யூருக்கு வந்த ஜான் லோ, உள்ளூர் இளைஞர்களுக்கே மருத்துவ வகுப்பு நடத்தினார். படித்தவர்கள் கிளை மருந்தகங்களைப் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர் இல்லாத இடத்தில் யார் முடிவெடுப்பது என்ற கேள்வி அப்போதே இங்கே எழுந்துவிட்டது.

நெய்யூரின் பிரபலமான டாக்டர் தியோடர் ஹோவர்ட் சாமர்வெல். எவரெஸ்ட் ஏறப் போனவர். 1922 பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கும்போது நெய்யூருக்கு வந்தார். நோயாளிகள் கூட்டத்தையும், அதைச் சமாளிக்கத் திணறிய ஆஸ்பத்திரியையும் பார்த்தவர், லண்டன் வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்து சேர்ந்துவிட்டார்.

1924-இல் மறுபடியும் எவரெஸ்ட். ஜூன் 4-ஆம் தேதி, ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் நார்ட்டனோடு ஏறினார். இறங்கும்போது, குளிரில் உறைந்து உரிந்த தொண்டைச் சவ்வு மூச்சுக்குழாயை அடைத்துக்கொண்டது. கூப்பிடக் குரல் வரவில்லை. பனியில் உட்கார்ந்துவிட்டார். கடைசி முயற்சியாக இரண்டு கைகளாலும் நெஞ்சை அழுத்த, அடைப்பு வெளியே வந்தது. ஒரு மூச்சோட அருமை அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சிருக்கும், இல்லையா?

அதன்பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேல் நெய்யூரில் அறுவை சிகிச்சை செய்தார். பிறகு வேலூர் சி.எம்.சி.யில் பாடம் நடத்தினார். நம்ம கதையும் அடுத்து வேலூருக்குத்தான் போகுது. ஆனா நடுவுல ஒரு சின்னச் சுற்று.

குழந்தைக்கு நிமோனியான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? ஸ்டெதாஸ்கோப், எக்ஸ்ரே. ரெண்டும் இல்லாத கிராமத்துல? 1980-களின் தொடக்கத்தில் பாப்புவா நியூ கினியாவின் மலைப்பகுதியில் ஃபிராங்க் ஷான் என்ற மருத்துவர் இதே கேள்வியோடு இருந்தார். இருமலோடு வரும் குழந்தை நிமிஷத்துக்கு 50 தடவைக்கு மேல் மூச்சு விட்டால் நிமோனியாவாக எடுத்துக்கொள்ளலாம் என்றார். காரணம் எளிமையானது. சளியும் வீக்கமும் சேர்ந்த நுரையீரல் விறைத்துப்போகும். ஆழமாக இழுக்க முடியாத குழந்தை, குட்டிக் குட்டியாக, வேக வேகமாக மூச்சு விடும்.

இது நம்ம ஊர்க் குழந்தைகளுக்கும் பொருந்துமா? வேலூர் சி.எம்.சி.யில் தாமஸ் செரியன், டி. ஜேக்கப் ஜான் முதலானோர் சோதித்துப் பார்த்து, 1988-இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். ஒரு வயதுக்குள் 50-க்கு மேல், ஒன்று முதல் மூன்று வயதுக்குள் 40-க்கு மேல் போனால் நம்பகமான அடையாளம் என்றார்கள். இன்னொன்றும் சொன்னார்கள்: மூச்சு இழுக்கும்போது நெஞ்சு உள்வாங்குவது நோய் முற்றியவர்களிடம் நன்றாகத் தெரியும். ஆரம்ப நிலைக் குழந்தைகள் பலரிடம் தெரியாது. அதாவது, நெஞ்சு குழியுற வரைக்கும் காத்திருந்தா லேட்.

அப்புறம் எண்ணத் தெரியாதவங்க? மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதி, கிராம ஊழியர்களுக்கும் மருத்துவச்சிகளுக்கும் இதைக் கற்றுக்கொடுத்தார்கள். ஐம்பது வரை எண்ண வராதவர்களுக்கு மணிச்சட்டம் மாதிரி ஒரு கருவி, கூடவே ஒரு நிமிஷ மணல் கடிகாரம். மருந்தும் அவர்கள் கையிலேயே இருந்தது. 1990-இல் வெளியான முடிவுப்படி, அந்த ஊர்களில் நிமோனியாவால் இறந்த குழந்தைகளின் விகிதம், ஒப்பிட எடுத்த மற்ற ஊர்களில் இருந்ததில் பாதிகூட இல்லை.

1990-களில் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் இந்தப் பாடங்களை ஒரே அட்டவணையாக்கின. இருமல், வயிற்றுப்போக்கு, காய்ச்சல், காதுவலி எல்லாமே அதில் உண்டு. 2000-களில் இந்தியா பச்சிளம் குழந்தைகளையும் சேர்த்துத் தனக்கென ஒன்றைத் தயாரித்தது. நர்ஸ் முதலில் நான்கு கேள்வி கேட்பார்: குடிக்க முடிகிறதா? குடித்ததெல்லாம் வாந்தியாகிறதா? வலிப்பு வந்ததா? துவண்டு கிடக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. பிறகு நிறம்: இளஞ்சிவப்பு என்றால் அனுப்பு, மஞ்சள் என்றால் இங்கேயே மருந்து, பச்சை என்றால் வீட்டுப் பராமரிப்பு.

இந்த முறையில் குறையும் உண்டு. இளைப்பு உள்ள குழந்தையும் வேகமாகத்தான் மூச்சு விடும். அதனால் ஆன்டிபயாடிக் தேவையில்லாத சிலருக்கும் அது போய்ச் சேரும். ஒரு குழந்தையைத் தவற விடுவதைவிட இது மேல் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது.

போனை எடுத்து ஸ்டாப்வாட்ச் போடுங்க. குழந்தை அழாம, அமைதியா இருக்கணும். சட்டையைத் தூக்கி, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குறதைப் பாருங்க. முழுசா ஒரு நிமிஷம் எண்ணுங்க. அரை நிமிஷம் எண்ணி ரெண்டால பெருக்காதீங்க. ரெண்டு மாசத்துக்குக் கீழே 60 அல்லது அதுக்கு மேல இருந்தா இன்னொரு தடவை எண்ணணும். ரெண்டு மாசத்துல இருந்து ஒரு வயசு வரைக்கும் 50, அதுக்கு மேல அஞ்சு வயசு வரைக்கும் 40. எண்ணிக்கை அதைத் தொட்டாலோ, தாண்டினாலோ கிளம்பிடுங்க. கூகுள்ல தேடிட்டு இருக்காதீங்க.

அடுத்த தடவை ஆரம்ப சுகாதார நிலையத்துல ஒரு சிஸ்டர் பேசாம குழந்தையோட வயித்தையே பார்த்துட்டு இருந்தாங்கன்னா, "என்ன சும்மா நிக்கிறாங்க"ன்னு நினைக்காதீங்க. அவங்க எண்ணிட்டு இருக்காங்க. அந்த ஒரு நிமிஷம் குறுக்கே பேசாம இருங்க.