ஆற்றங்கரையும் ஆடுகளமும்

கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில் அமைந்த ஊர். அதன் வடபால் செய்யாறும் தென்பால் தென்பெண்ணையும் ஓடுகின்றன. இரண்டும் ஆண்டு முழுதும் நீர் காணும் ஆறுகள் அல்ல. மழைக்குப் பெருகி, வேனிலில் மணலாய் விரிபவை. அந்த மணலும் அதனை அடுத்த ஊர்த் திடலுமே இந்நிலத்து மக்களின் பொழுதுபோக்கிடமாகவும் வழிபாட்டிடமாகவும் நாடக மேடையாகவும் பன்னெடுங்காலம் விளங்கி வந்துள்ளன. இம்மூன்றையும் வெவ்வேறாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் இங்கு அண்மையில் வந்ததே ஆகும்.

கூத்தர் நடந்த வழி

இந்நிலத்துக் கலை வரலாற்றின் முதற்சான்று ஒரு சங்கப் பாட்டு. பத்துப்பாட்டுள் இறுதியாக வைக்கப்பெற்ற மலைபடுகடாம், இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. 583 அடிகளை உடையது. உ. வே. சாமிநாதையர் 1889ஆம் ஆண்டு பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தபோது இப்பாட்டு அச்சில் உலா வந்தது. அதன் தலைவன் செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னன். செங்கண்மா இன்றைய செங்கம் என்பதும், பாட்டில் வரும் நவிரமலை இன்றைய பருவதமலை என்பதும் அறிஞர் பலரும் ஏற்றுக்கொண்ட முடிபு. பாட்டில் ஓடும் சேயாறே இன்றைய செய்யாறு.

இப்பாட்டுக்குக் கூத்தராற்றுப்படை என்று மற்றொரு பெயரும் உண்டு. பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கூத்தனுக்கும் அவன் சுற்றத்தார்க்கும் வழி சொல்வதே இதன் பொருள். முழவு, ஆகுளி, குழல், பதலை முதலிய இசைக்கருவிகளைப் பையிலிட்டுச் சுமந்து அக்குழு நடக்கிறது. பன்றிக்கு வைத்த பொறிகள் இருக்கும் இடம் எது, பாசி வழுக்கும் சுனைக்கரையில் எதைப் பற்றிக்கொண்டு நடக்க வேண்டும், நடுகல் நிற்கும் வழியில் எவ்வாறு வணங்கிச் செல்ல வேண்டும் என்றெல்லாம் அவன் எடுத்துரைக்கிறான். எந்தச் சிற்றூரில் தினைச்சோறு கிடைக்கும், எங்கே மூங்கிலரிசியும் அவரையும் புளியும் கூட்டிய கூழ் கிடைக்கும் என்பதையும் மறவாமல் சொல்கிறான்.

அவன் சொன்ன நடுகற்கள் வெறுங்கற்பனை அல்ல என்பதற்கு இந்நிலமே சான்று. நன்னன் காலத்துக்குப் பிற்பட்டனவாயினும், பல்லவர் கால நடுகற்கள் செங்கம் வட்டாரத்தில் பெருந்தொகையாகக் கண்டறியப்பட்டன. தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலாக அவற்றை வெளியிட்டது.

இங்கு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. கூத்தரைப் பற்றிய இப்பாட்டில் கூத்தின் வருணனை மிகச் சிறிது. வழியும் சோறும் வரவேற்பும்தான் பெரும்பகுதி. கூத்து வாழ்வதற்கு எவை வேண்டும் என்பதைப் பெருங்கௌசிகனார் நன்கு அறிந்திருந்தார் என்றே கொள்ள வேண்டும்.

ஆறு காணும் தெய்வம்

சங்ககாலக் கூத்திலிருந்து இன்றைய தெருக்கூத்துக்கு நேர்க்கோடு ஒன்று வரைந்துவிட இயலாது. இடைப்பட்ட சான்றுகள் போதா. ஆயினும் ஆற்றங்கரையில் கூடும் வழக்கம் அறவில்லை. தை மாதம் ஐந்தாம் நாள் அண்ணாமலையார் மணலூர்ப்பேட்டைக்கு எழுந்தருளித் தென்பெண்ணையில் தீர்த்தவாரி காண்கிறார். இரதசப்தமியன்று கலசபாக்கத்தில் செய்யாற்றுக்குச் செல்கிறார். சிறுவர்க்கு மணலில் விளையாட்டு, பெண்டிர்க்குக் கடைவீதி, உறவினர்க்குச் சந்திப்பு என்று அந்நாள்கள் கழிகின்றன.

மூன்றாவது விழா வரலாற்றோடு பிணைந்தது. 14ஆம் நூற்றாண்டில் திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டிருந்த போசள மன்னன் மூன்றாம் வீரவல்லாளன், மதுரைச் சுல்தானோடு போரிட்டு 1342ஆம் ஆண்டையொட்டி மாண்டான். அவனது கொடிய முடிவை இபன் பதூதா தம் பயண நூலில் எழுதி வைத்துள்ளார். மகப்பேறற்ற அம்மன்னனுக்கு அண்ணாமலையாரே மகனானார் என்பது ஊர் வழக்கு. தைப்பூசத் தீர்த்தவாரி முடிந்து திரும்பும் தெய்வத்துக்கு மன்னன் இறந்த செய்தி அறிவிக்கப்படுகிறது, மேளதாளம் அடங்கிவிடுகிறது. மாசிமகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் கௌதம நதிக்கரையில் தெய்வம் மன்னனுக்கு நீர்க்கடன் செய்கிறது. ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒரு சாவு, ஆண்டுதோறும் புதுச் செய்தியாக வந்து சேர்கிறது. எழுதிய வசனம் ஒன்றுமின்றி ஓர் ஊரே நடத்தும் நாடகம் இது.

பாரதம் நடக்கும் திடல்

இதே உணர்வின் விரிவே திரௌபதி அம்மன் கோயில்களில் நிகழும் பாரதக் கூத்து. செஞ்சியை அடுத்த மேலச்சேரியைத் திரௌபதி வழிபாட்டின் தாய்க்கோயிலாக மக்கள் போற்றுவர். பகலில் பாரதச் சொற்பொழிவு. அதற்கு அடிப்படை வில்லிபாரதம். அதை இயற்றிய வில்லிபுத்தூரார் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்தவர். அவரை ஆதரித்த வரபதி ஆட்கொண்டானும் அப்பகுதியை ஆண்டவனே.

இரவில் கூத்து. கட்டியங்காரன் வந்து களத்தைத் திறப்பான். இருவர் பிடித்த திரைக்குப் பின்னின்று வேடக்காரர் பாடி வெளிப்படுவர். எடை குறைந்த மரத்தில் செதுக்கிய கிரீடமும் புஜக்கட்டையும், அரிதாரம் பூசிய முகமும், முகவீணையின் கூரிய ஒலியும் தொலைவில் அமர்ந்தவர்க்கும் எட்டும்படி அமைந்தவை. தீவட்டி போய்ப் பெட்ரோமாக்ஸ் வந்தது; அதுவும் போய் மின்விளக்கு வந்தது. விடியும்வரை ஆடும் வழக்கம் மட்டும் நிலைத்தது.

அர்ச்சுனன் தபசில் நடிகர் பாடிக்கொண்டே உயர்ந்த மரத்தின் மீது ஏறுவார். அவர் மேலிருந்து எறியும் எலுமிச்சங்கனியைப் பிள்ளை வேண்டும் பெண்கள் மடியேந்தி நிற்பர். பதினெட்டாம் போரன்று திடலில் துரியோதனன் பேருருவம் மண்ணால் கிடத்தப்படும். வீமன் தொடையில் அடிப்பான். திரௌபதி கூந்தல் முடிப்பாள். அன்று மாலை தீமிதி. படுகளத்தைச் சுற்றி நிற்போர் பார்வையாளர் மட்டுமல்லர். போரில் மாண்டவர்க்குக் கேட்கும் ஒப்பாரியில் அவரவர் வீட்டு இழப்பும் கலந்து ஒலிக்கும். இதனை அரங்கினுள் கொண்டு செல்ல முடியாது. மண்தான் அதன் மேடை.

வேறொரு நதிக்கரை

கனடாவில் ஏவன் நதிக்கரையிலுள்ள ஸ்ட்ராட்போர்டு, இரயில் எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறைகளை நம்பிய ஊர். அத்தொழில் நலிந்தபோது, 1953இல் ஆற்றங்கரைப் பூங்காவில் ஒரு பெருங்கூடாரம் அடித்து ஷேக்ஸ்பியர் நாடக விழாவைத் தொடங்கினர். 1957இல் நிலையான அரங்கம் எழுந்தது. அங்கே நாடகம் ஓர் ஊரில் தங்கியது. உலகம் அதைத் தேடிச் சென்றது. இங்கே கூத்து ஊர் ஊராக நடந்தது. ஊர்கள் அதைத் தாங்கின. அங்கு அரங்கம் இடிந்தால் மீண்டும் கட்டலாம். இங்கு ஏற்கும் ஊர் இல்லையெனில் கட்டிக் காப்பதற்கு எதுவும் இராது.

ஏற்பார் உளரா?

கூத்துக்குப் புகழ் குறைவில்லை. செய்யாறு வட்டாரத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் பேணிய மரபை, 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி நவீன நாடக உலகுக்கு அறிமுகப்படுத்தினார். பிரெக்ட், மார்க்வெஸ் ஆகியோரின் படைப்புகளும் புரிசைக் கூத்தில் உருப்பெற்றன. தம்பிரான் 2003இல் மறைந்தார்; அவர் மகன் கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. மறுபுறம், காஞ்சிபுரத்தை அடுத்துப் பெ. இராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலம், சிறுமியர்க்கும் கூத்துப் பயிற்றிப் புதுவழி திறந்தபின், 2020இல் மூடப்பட்டது. விருதும் ஆய்வு நூலும் கூத்தின் பெருமையை நிறுவும். அடுத்த ஊரில் அதற்குக் களமும் சோறும் கொடுப்பதில்லை.

பொழுதுபோக்கும் இடம் மாறிற்று. 1958இல் நிறைவுற்ற சாத்தனூர் அணையின் பூங்காவும் முதலைப் பண்ணையும் மக்களை ஈர்க்கின்றன. அதில் குறைகாண ஒன்றுமில்லை. ஆனால் அங்கே மக்கள் வருவது காண்பதற்கு. படுகளத்துக்கு அவர்கள் வந்தது பங்கு கொள்வதற்கு. திடல் வீட்டுமனையாகி, இரவு தொலைக்காட்சிக்கு உரியதாகிவிட்ட ஊரில் கூத்துக்குழு வந்தாலும் எங்கே மண்ணுருவம் கிடத்தும்?

கலையைப் புகழ்ந்து பாடுவது புலவர்க்கு எளிது. பெருங்கௌசிகனார் அதனினும் அரியதைச் செய்தார். கூத்தனுக்கு வழி இருக்கிறதா, வழியில் சோறு இருக்கிறதா, சென்று சேருமிடத்தில் ஏற்பார் இருக்கின்றனரா என்று எண்ணிப் பார்த்துப் பாடினார். செய்யாற்றுக் கரையில் இன்று ஒருவர் கூத்தராற்றுப்படை பாடப் புகுந்தால், எந்தெந்த ஊர்களின் பெயர்களைச் சொல்லிக் கூத்தனை அனுப்புவார்? அப்பெயர்கள் குறையாதிருக்கும்வரை கூத்தும் குறையாது.