கட்டத்துக்குப் பேர் வைத்த கதை

ஐந்து நாடுகள் திடீரென்று காணாமல் போய்விட்டன என்று சொன்னால் நம்புவீர்களா? ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க். போர் இல்லை, பூகம்பம் இல்லை. அமெரிக்காவின் பிரபலமான இரண்டு பொருளாதாரப் பேராசிரியர்களின் எக்ஸெல் ஷீட்டுக்குள் நடந்த விபத்து அது. 30-வது வரிசையிலிருந்து 49-வது வரிசை வரை சராசரி எடுக்கவேண்டிய ஃபார்முலா, 44-லேயே பிரேக் போட்டு நின்றுவிட்டது. மிச்சம் ஐந்து வரிசை அம்போ!

இதனால் என்ன ரகளை ஆயிற்று என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். அதற்கு முன்னால், இந்தக் கட்டங்களுக்கு 'ஏ1', 'பி7', 'எல்44' என்று கைதி நம்பர் மாதிரி விலாசம் கொடுத்தது யார் என்று பார்த்துவிடலாம்.

1978. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல். டான் பிரிக்லின் என்ற மாணவர் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார். பேராசிரியர் கரும்பலகையில் பெரிய கட்டம் போட்டு ஒரு கம்பெனியின் வரவு செலவுக் கணக்கை நிரப்புகிறார். நடுவில் ஒரு எண்ணை மாற்றவேண்டி வருகிறது. ஒன்றை மாற்றினால் அதை நம்பியிருக்கிற பக்கத்துக் கட்டம் மாறவேண்டும், அது மாறினால் அதற்கடுத்தது... டஸ்டரை எடுத்து அழித்து அழித்து எழுதுகிறார். 'இந்தக் கரும்பலகையே தானாகக் கணக்குப் போட்டுக்கொண்டால் எப்படி இருக்கும்?' என்று பிரிக்லினுக்குத் தோன்றியது. அவ்வளவுதான், ஸ்ப்ரெட்ஷீட் என்ற சமாசாரத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டாயிற்று!

நண்பர் பாப் ஃபிராங்க்ஸ்டன் புரோகிராம் எழுத உட்கார்ந்தார். எம்.ஐ.டி.யின் பெரிய கம்ப்யூட்டரை ராத்திரியில் உபயோகித்தால் வாடகை குறைவு என்பதால், ஆசாமி பகலில் தூங்கி ராத்திரியில் உழைத்தார். 1979 அக்டோபரில் ஆப்பிள்-2 கம்ப்யூட்டருக்காக 'விசிகால்க்' விற்பனைக்கு வந்தது. 63 பத்திகள், 254 வரிசைகள். பத்திக்கு எழுத்து, வரிசைக்கு எண். ஊர் வரைபடத்தில் கட்டம் போட்டு 'சி4-ல் ரயில்வே ஸ்டேஷன்' என்று குறிப்பார்களே, அதே முறை. மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ளவேண்டிய கணக்கைச் சில நிமிடங்களில் மாற்றிப் பார்க்க முடிந்ததில் கணக்கர்கள் சொக்கிப் போனார்கள்.

ஆனால் ஒரு சங்கடம். 'பி7-ஐ சி12-ஆல் பெருக்கு' என்று இருக்கும் ஃபார்முலாவை ஆறு மாதம் கழித்துத் திறந்து பாருங்கள். பி7 வட்டி விகிதமா, விற்பனை வரியா, போன வருடத்து போனஸா? எழுதியவருக்கே தெரியாது! சென்னையில் 'பழைய எண் 14, புதிய எண் 32' என்று போர்டு மாட்டியிருக்கும் தெருவில் வீடு தேடியவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும். நம்பரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. 'கம்பவுண்டர் வீடு' என்றால் தெருவே கை காட்டும்.

அந்த வசதியைப் பரவலாக்கியவர்களில் ஒருவர் மிட்ச் கேப்பர். இவர் ஒரு சுவாரஸ்யமான பேர்வழி. கம்ப்யூட்டருக்கு வருவதற்கு முன் ஆழ்நிலைத் தியானம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். கம்பெனி ஆரம்பித்தபோது, பத்மாசனத்தை நினைத்து 'லோட்டஸ்' என்று பெயர் வைத்தார். ஜோனதன் சாக்ஸ் என்ற கெட்டிக்காரர் எழுதிய 'லோட்டஸ் 1-2-3', 1983 ஜனவரியில் வெளியானது. முதல் வருடமே 5 கோடியே 30 லட்சம் டாலர் விற்பனை! இரண்டே வருடத்தில் - 1985-ல் - விசிகால்க்கைச் செய்த கம்பெனியையே லோட்டஸ் விலைக்கு வாங்கி, விசிகால்க்கை மூட்டை கட்டிவிட்டது.

லோட்டஸ் தந்த வசதிகளில் ஒன்று, கட்டங்களுக்குப் பேர் வைப்பது. ஒரு கட்டத்தையோ, கட்டங்களின் கூட்டத்தையோ தேர்ந்தெடுத்து 15 எழுத்துக்குள் ஒரு பெயர் கொடுத்துவிடலாம். அதற்கப்புறம் 'பி7 பெருக்கல் சி12' கிடையாது. 'விற்பனை பெருக்கல் வரி'. படித்தாலே அர்த்தம் புரியும். 1985-ல் மெக்கின்டாஷிலும் 1987-ல் விண்டோஸிலும் வந்த மைக்ரோசாஃப்ட் எக்ஸெல்லும் இந்த வசதியை ஏற்றுக்கொண்டது. எக்ஸெல்லில் பெயர் 255 எழுத்து வரை நீளலாம். ஒரு குட்டிக் கவிதையே எழுதலாம்!

பேர் வைத்துவிட்டால் பிரச்னை தீர்ந்ததா? அங்கேதான் வில்லங்கம்.

1980-களின் நடுவில் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஜேம்ஸ் ஏ. கம்மிங்ஸ் என்ற கட்டுமான நிறுவனம், ஒரு பெரிய கட்டட வேலைக்கு டெண்டர் தயாரித்தது. உபயோகித்தது லோட்டஸ் கம்பெனியின் இன்னொரு சாஃப்ட்வேரான 'சிம்ஃபனி'. கடைசி நேரத்தில், பொதுச் செலவு என்று 2,54,000 டாலரை ஒரு புதிய வரிசையாகச் சேர்த்தார்கள். திரையில் அந்த எண் தெரிந்தது. ஆனால் மொத்தக் கூட்டலில் சேரவில்லை. டெண்டர் கிடைத்தது, கையில் அத்தனை டாலர் துண்டு! நிறுவனம் லோட்டஸ் மேல் வழக்குப் போட்டது. 'தப்பு சாஃப்ட்வேரில் இல்லை, உபயோகித்தவரிடம்' என்றது லோட்டஸ். பிற்பாடு வழக்கு வாபஸ் ஆனது.

என்ன நடந்தது? ரொம்ப சிம்பிள். '10-வது வரிசையிலிருந்து 20 வரை கூட்டு' என்று ஒரு எல்லை இருக்கிறது. நடுவில், 15-க்குப் பக்கத்தில், ஒரு வரிசையை நுழைத்தால் எல்லை தானாக 21 வரை நீண்டுகொள்ளும். எல்லைக்கு வெளியே - 10-க்கு மேலேயோ, 20-க்குக் கீழேயோ - நுழைத்தால் அந்த வரிசை வேலிக்கு வெளியே நின்றுவிடும். பார்க்கிற கண்ணுக்குப் பத்தோடு பதினொன்று மாதிரிதான் தெரியும். கணக்கில் மட்டும் இருக்காது. அந்த எல்லைக்கு நீங்கள் 'செலவுகள்' என்று அழகான பெயர் வைத்திருந்தாலும் இதே கதிதான். பேர் வளராது, வேலி இருக்கிற இடத்தில்தான் இருக்கும்.

இப்போது நம் ஐந்து நாடுகளுக்கு வருவோம்.

2010-ல் கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு பேராசிரியர்கள் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு நாட்டின் அரசாங்கக் கடன், அதன் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் பொருளாதார வளர்ச்சி படுத்துவிடும் என்பது அதன் சாரம். அப்படிப்பட்ட நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்றது கட்டுரை. உலகமே கடனில் தத்தளித்த நேரம். அரசியல்வாதிகள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். பிரிட்டனின் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன், ஐரோப்பிய ஆணையத்தின் ஓலி ரென், அமெரிக்காவில் பால் ரையன் எல்லோரும் மேற்கோள் காட்டினார்கள். 'செலவைக் குறை, மானியத்தை வெட்டு' என்ற கோஷத்துக்கு இது ஒரு துருப்புச்சீட்டு ஆனது. வெட்டு விழுந்தது யார் வயிற்றில் என்று சொல்லவேண்டியதில்லை.

மாஸசூஸட்ஸ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹெர்ண்டன் என்ற 28 வயது மாணவர். பிரபலமான ஒரு கட்டுரையை எடுத்து, அதன் கணக்கை மறுபடி போட்டுப் பார்ப்பது அவருக்குக் கொடுக்கப்பட்ட வீட்டுப் பாடம். எவ்வளவு முட்டி மோதியும் விடை வரவில்லை. நேராகப் பேராசிரியர்களுக்கே எழுதி ஷீட்டைக் கேட்டார். பெருந்தன்மையாக ரெய்ன்ஹார்ட் அனுப்பிவைத்தார். திறந்து, சராசரிக் கட்டத்தில் கிளிக் செய்தார். நீலக்கோடு 44-வது வரிசையோடு நின்றிருந்தது!

2013 ஏப்ரலில் ஹெர்ண்டனும் அவருடைய ஆசிரியர்களும் திருத்திய கணக்கை வெளியிட்டார்கள். மைனஸ் 0.1 அல்ல, 2.2 சதவீத வளர்ச்சி. நியாயமாக ஒன்று சொல்லவேண்டும்: இந்த வித்தியாசம் முழுக்க எக்ஸெல் தவறால் வந்ததில்லை. சில வருடங்களின் புள்ளிவிவரங்களைச் சேர்க்காதது, நாடுகளுக்குக் கொடுத்த எடை முறை இரண்டுக்கும்தான் பெரும்பங்கு. எக்ஸெல் பிழையைப் பேராசிரியர்கள் ஒப்புக்கொண்டார்கள். தங்கள் முடிவின் சாரம் மாறவில்லை என்றும் வாதிட்டார்கள். ஆனால் மூன்று வருடம் யாருமே அந்த ஒரு கட்டத்தைக் கிளிக் செய்து பார்க்கவில்லை என்பதுதான் வயிற்றைக் கலக்குகிற விஷயம்.

இங்கே ஒரு கேள்வி. அந்த ஷீட்டில் பெயர் வைத்திருந்தால் தப்பித்திருப்பார்களா? யோசித்துப் பாருங்கள். 30 முதல் 44 வரை உள்ள கட்டங்களுக்கு 'வளர்ச்சி' என்று தவறுதலாகப் பெயர் வைத்திருந்தால், ஃபார்முலா 'வளர்ச்சியின் சராசரி' என்று பளிச்சென்று இருந்திருக்கும். யாருக்குமே சந்தேகம் வந்திருக்காது! '44' என்ற எண்ணாவது 'நான் இங்கே நின்றுவிட்டேன்' என்று காட்டிக்கொடுத்தது. நல்ல பெயர் அதையும் மூடி மறைத்துவிடும்.

இது என் கற்பனை இல்லை. 2009-ல் அயர்லாந்தில் ரூத் மெக்கீவர் முதலான ஆய்வாளர்கள் ஒரு சின்ன சோதனை செய்தார்கள். ஸ்ப்ரெட்ஷீட்டுக்குப் புதியவர்கள் சிலர். வேண்டுமென்றே தவறுகள் ஒளித்துவைத்த ஷீட். ஒரு கோஷ்டிக்குப் பெயர் வைத்த ஷீட், இன்னொரு கோஷ்டிக்கு வெறும் விலாசம். யார் அதிகத் தவறுகளைப் பிடித்தார்கள் தெரியுமா? பெயர் இல்லாத கோஷ்டி! பெயரைப் பார்த்ததும் மனசு 'சரி, இது வரிதான்' என்று நம்பிவிடுகிறது. உள்ளே போய்ப் பார்ப்பதில்லை.

அதற்காகப் பெயரே வேண்டாமா? வேண்டும். ஆனால் பெயர்ப் பட்டியலை வாக்காளர் பட்டியல் மாதிரி நடத்தவேண்டும். செத்துப்போனவர் பெயர் இருக்கும், வீடு மாறியவர் பழைய விலாசத்தில் இருப்பார், ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருப்பார். எக்ஸெல்லிலும் இதே மூன்று வியாதிகள். ஒரு பெயர் குறிக்கும் கட்டங்களை நீங்கள் அழித்துவிட்டாலும் பெயர் மட்டும் ஆவி மாதிரி உலாவும். ஷீட்டைக் காப்பி எடுக்கும்போது பழைய பெயர்கள் ஒட்டிக்கொண்டு வரும். ஒரே பெயர் மொத்த ஃபைலுக்கு ஒன்றாகவும், ஒரு ஷீட்டுக்கு மட்டும் தனியாக இன்னொன்றாகவும் இருக்கலாம். எது எங்கே பேசுகிறது என்பது குழப்பம்.

2007-ல் எக்ஸெல் இதற்காகவே 'நேம் மேனேஜர்' என்ற ஜன்னலைக் கொண்டுவந்தது. அதே 2007-ல் ஒரு வேடிக்கையும் நடந்தது. அதுவரை 256 ஆக இருந்த பத்திகளை ஒரேயடியாக 16,384 ஆக உயர்த்தினார்கள். பத்திகளுக்கு மூன்றெழுத்து விலாசம் வந்துவிட்டது. விளைவு? பழைய ஃபைல்களில் ஆங்கிலத்தில் 'டாக்ஸ்2007' என்று வைத்திருந்த பெயர், ஒரு நிஜமான கட்டத்தின் விலாசமாக மாறித் தொலைத்தது! பெயருக்கு முன்னால் ஒரு அடிக்கோடு போட்டு எக்ஸெல் சமாளித்தது. மேக்ரோவுக்குள் அந்தப் பெயரை எழுதிவைத்தவர்கள்தான் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

சரி, நாம் என்ன செய்யவேண்டும்? விண்டோஸ் எக்ஸெல்லில் கன்ட்ரோல் சாவியோடு எஃப்3 அழுத்துங்கள். பட்டியல் வரும். அதில் பிழையுள்ள பெயர்களை மட்டும் வடிகட்டிக் காட்டச் சொல்லலாம். முதலில் அந்த ஆவிகளைப் பாருங்கள். ஆனால் அவசரப்பட்டு நீக்கிவிடாதீர்கள். எங்காவது ஒரு ஃபார்முலா அதை நம்பியிருக்கலாம். பிறகு ஒவ்வொரு பெயராகத் தேர்ந்தெடுத்து, கீழே விலாசம் இருக்கும் பெட்டியில் கிளிக் செய்யுங்கள். ஷீட்டில் அந்தக் கட்டங்களைச் சுற்றி எறும்பு ஊர்வது மாதிரி ஒரு புள்ளிக்கோடு ஓடும். அது முதல் வரிசையில் ஆரம்பித்துக் கடைசி வரிசையில் முடிகிறதா? அதுதான் பரிசோதனை. இன்னொரு குறுக்கு வழியும் உண்டு: ஜூமை 39 சதவீதத்துக்கு இறக்கினால், கூட்டமாகப் பெயரிட்ட கட்டங்களின் மேல் அவற்றின் பெயரே எழுதிக் காட்டும். நாளுக்கு நாள் வளரும் பட்டியலாக இருந்தால் அதை 'டேபிள்' ஆக மாற்றிவிடுங்கள். புது வரிசை சேரச் சேர வேலியும் கூடவே நகரும்.

உங்கள் சம்பளம், வீட்டுக் கடனின் தவணை, ஒரு தேசத்தின் பட்ஜெட் எல்லாமே எங்கோ ஒரு ஷீட்டில் ஏதோ ஒரு பெயரை நம்பித்தான் இருக்கின்றன. ஹெர்ண்டன் பெரிய வித்தை எதுவும் செய்துவிடவில்லை. கதவைத் தட்டி, 'உள்ளே யார் யார் இருக்கீங்க?' என்று எண்ணிப் பார்த்தார். ஐந்து பேர் குறைந்தார்கள். நாமும் எப்போதாவது ஒரு தடவை தட்டிப் பார்க்கலாம்!