அக்னஸ் அம்மையாரும் தோட்டத்துப் பெண்களும்

கண்டியில் ஒரு வீடு. அதன் தலைவர் ஜோர்ஜ் ஈ. டி சில்வா, வழக்கறிஞர், தேசிய காங்கிரஸ்காரர், 1940களில் சுகாதார அமைச்சராயிருந்தவர். மூத்த மகள் அனில், 1946ல் பம்பாயில் ‘மார்க்’ என்னும் கலைச் சஞ்சிகையைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். மகன் பிரெட்ரிக் கண்டியின் மேயராயிருந்தார். இளையவர் மினெற், 1948ல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவகத்தின் இணை உறுப்பினரானவர். இவர்கள் எல்லாரையும் பற்றி எழுதுவோர் தாயாருக்கு ஒரு வரி ஒதுக்கி அப்பாற் செல்வது வழக்கம். அந்த ஒரு வரிக்குள் அடங்குபவரல்லர் அக்னஸ் அம்மையார்.

1885ல் நெல் என்னும் பறங்கியர் குடும்பத்திற் பிறந்தவர் அவர். சிங்களவர் ஒருவரை மணந்தார். இன எல்லையையும் சமூகப் படிநிலையையும் தாண்டிய அத்தகைய மணங்கள் எளிதாக ஏற்கப்படாத காலம் அது. மனதிற் பட்டதை மறைக்கத் தெரியாத சுபாவம் அவருடையது. அது வீட்டோடு நின்றுவிடவில்லை.

1925ல் தேசிய காங்கிரஸின் மாநாட்டில், பெண்களுக்கு மட்டுப்படுத்தப்பட்ட வாக்குரிமை வேண்டுமென்ற தீர்மானத்தை அசலின் தோமஸ் அம்மையார் முன்மொழிய, அதனை வழிமொழிந்தவர் அக்னஸ். 1927 இறுதியில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவாயிற்று. அதில் டாக்டர் மேரி இரத்தினமும் இருந்தார். கனடாவிற் பிறந்து, தமிழர் ஒருவரை மணந்து இந்நாட்டவரானவர் அவர். செயலாளர் பொறுப்பு அக்னஸுக்கு. சங்கம் கேட்டதும் எல்லாப் பெண்களுக்குமான வாக்கன்று. கல்வியும் தகைமையும் உள்ள பெண்களுக்கானது மட்டுமே. இதை மூடி மறைப்பதால் அவர்களுக்குப் பெருமை சேராது.

1928 ஜனவரியில் டொனமூர் ஆணைக்குழுவின் முன் அவர்கள் சாட்சியமளித்தனர். பெருந்தோட்டங்களில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று ஆணையாளர் கேட்டார். கனவான்கள் பலர் இக்கேள்விக்குத் தடுமாறியிருப்பர். அக்னஸ் தயங்கவில்லை. அவர்களும் பெண்கள்தாமே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்ற கருத்தில் அவர் விடையளித்தார். தமது சங்கத்தின் கோரிக்கையையே அந்தக் கணத்தில் அவர் விஞ்சிவிட்டார் என்பேன்.

நம்மவர் நிலை என்ன? பெண்கள் வாக்கைச் சேர். பொன். இராமநாதன் எதிர்த்தார். பெண் கல்விக்காகக் கல்லூரி அமைத்தவர்தாம் அவர்! கொழுந்து பறிக்கும் பெண்ணுக்காகக் குரல் கொடுத்தவர் கண்டியின் பறங்கிப் பெண்மணி ஒருவர்.

ஆணைக்குழு முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு வாக்கைச் சிபாரிசு செய்தது. 1931ல் நடைமுறைக்கு வந்தபோது ஆண், பெண் இருபாலார்க்கும் வயது இருபத்தொன்று என்றாயிற்று. ஆனால் தோட்டத் தமிழருக்கு மட்டும் நிரந்தர வதிவு முதலிய நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. அவற்றின் முன்னே பெருந்தொகையினர் பதிவுபெறாது நின்றனர். எனினும் அவ்வாண்டிலேயே அட்டனிலிருந்து பெரி சுந்தரம் அரசாங்க சபைக்குச் சென்றார்.

1936ல் அக்னஸ் அம்மையார் தாமே கலகெதரவில் போட்டியிட்டுத் தோற்றார். தோல்வி அவரை அடக்கவில்லை. வீட்டிலே மகள் மினெற்றின் கண்களைக் கண்டிப் பாரம்பரியக் கைவினைகளின்பாற் திருப்பியதில் தாய்க்குப் பெரும் பங்குண்டு. பின்னாளில் அம்மகள் தாம் கட்டிய வீடுகளிலே கிராமக் கைவினைஞரின் வேலைப்பாட்டுக்கு இடம் கொடுத்தார்.

1947ல் மலையக மக்கள் ஏழு உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். மறு ஆண்டு குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949ன் தேர்தல் திருத்தச் சட்டம் மிச்சத்தையும் பறித்தது. அக்னஸ் அம்மையார் எவருக்காக அன்று ஆணையாளர் முன் வாய்திறந்தாரோ அப்பெண்களிற் பெரும்பாலோர், 1961ல் அவர் கண்மூடியபோது வாக்கின்றியே இருந்தனர். எஞ்சியோரின் குடியுரிமைக்கான சட்டம் 2003ல் தான் நிறைவேறியது. அதற்குள் அவர்களிற் பலர் கடல்கடந்து அனுப்பப்பட்டிருந்தனர். பலர் தாம் கொழுந்து பறித்த மண்ணுக்குள்ளேயே போய்விட்டிருந்தனர்.