பீர் கம்பெனித் தட்டுகள்

புதுச்சேரியின் தேங்காய்த்திட்டில் தகரம் நிலைக்காது. முகத்துவாரத்து உப்புக்காற்று ஒரே மழைக்காலத்தில் அதைத் தின்றுவிடும். அதனால் என்னிடம் இருக்கும் தட்டுகளை அடிக்கடி தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து வைக்கிறேன். பெரும்பாலும் காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய பூட்டுகளுக்கும் பித்தளைக் குழாய்களுக்கும் நடுவே கிடந்தவை. பாரில் சப்ளையர் பாட்டிலையும் கிளாசையும் வைத்துத் தூக்கிவருகிற வட்டத் தட்டுகள்தான். நடுவில் பீரின் பெயர். பலவற்றில் கிங்ஃபிஷர் பீரின் நீல மீன்கொத்தி.

அந்த மீன்கொத்தியின் பூர்வீகம் நீலகிரி. குளிர்சாதனம் இல்லாத காலத்தில் பீர் புளிக்க வைப்பதற்கு மலைக்குளிர் வேண்டும். வெலிங்டன் பட்டாளத்தில் குடிக்க ஆளும் இருந்தது. அங்கே எழுந்த காசில் புரூவரியின் 1857ஆம் ஆண்டைத்தான், கிங்ஃபிஷரைச் செய்கிற யுனைடெட் புரூவரீஸ் தன் தொடக்கமாகச் சொல்கிறது. தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவின் ஐந்து பீர் ஆலைகளை 1915இல் ஒன்றுசேர்த்து இந்தக் கம்பெனியாக்கினார். பெரிய மரப்பீப்பாய்களில் அடைத்து, மாட்டுவண்டியில் ஏற்றிச் சிப்பாய்களுக்கு அனுப்பினார்கள். பீப்பாயில் வருவதைக் குடிக்கிற சிப்பாய்க்கு இன்ன பெயர்தான் வேண்டும் என்று கேட்க வழியில்லை. அந்த வியாபாரத்துக்குத் தட்டு தேவைப்பட்டிருக்காது.

1947இல் விட்டல் மல்லையா யுனைடெட் புரூவரீஸின் முதல் இந்திய இயக்குநரானார். கம்பெனி பெங்களூரில் வேரூன்றியது. இன்று யூ.பி. சிட்டி வளாகம் நிற்கிற இடம் ஒரு காலத்தில் அதன் பீர் ஆலை. கிங்ஃபிஷர் என்ற பெயர் 1978இல் புது வாழ்வு பெற்றது.

இதெல்லாம் கம்பெனியின் கதை. தட்டின் கதை எங்கள் எல்லையில் இருக்கிறது. ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948க்குள் சென்னை மாகாணம் முழுவதும் அது பரவிவிட்டது. புதுச்சேரி அப்போது பிரெஞ்சு மண். 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது, 1962இல் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தது; மதுவிலக்கு மட்டும் எல்லை தாண்டி உள்ளே வரவில்லை. தமிழ்நாட்டில் 1971இல் தளர்ந்து, 1974இல் மறுபடி இறுகி, 1981இல் மீண்டும் தளர்ந்தது. அத்தனை ஆண்டுகளும் கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் ஆட்கள் இங்கே வந்தபடியே இருந்தார்கள். எல்லைச் சாவடிகளான கோரிமேட்டிலும் முள்ளோடையிலும் சோதனை பாட்டிலுக்குத்தான். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் அவற்றைக் கடக்கலாம்.

ஒரே ஊரில் இத்தனை பார், ஒரே அலமாரியில் இத்தனை பெயர்: கிங்ஃபிஷர், கல்யாணி பிளாக் லேபிள், கோல்டன் ஈகிள். வந்து உட்காருகிறவர் வாய் திறப்பதற்குள் அவர் கண்ணில் எந்தப் பெயர் படுகிறது என்பதில்தான் போட்டி. கம்பெனிகள் தட்டை இனாமாகத் தந்ததன் காரணம் இதுவே என்பது என் எண்ணம்.

தகரத்தில் அச்சடிக்கும் வித்தைக்கு லண்டனில் ராபர்ட் பார்க்ளே 1875இல் காப்புரிமை பெற்றார். கல்லில் வரைந்த படத்தை நேரே தகரத்தில் ஒற்றாமல், நடுவே ஓர் உருளைக்கு மாற்றி அங்கிருந்து ஒற்றுவது அவர் முறை. தகடு தட்டையாக இருக்கும்போதே படம் பதிந்து, மெருகெண்ணெய் பூசப்பட்டுவிடும். பிறகுதான் அச்சில் அழுத்தி விளிம்பைத் தூக்குவார்கள். அந்த வளைவில்தான் பூச்சு முதலில் விரியும், துருவும் அங்கிருந்துதான் நுழையும். எண்ணெய்த் துணியை விளிம்பிலிருந்து தொடங்குவது அதனால்தான். அமெரிக்காவில் ஒஹாயோவின் கொஷாக்டன் ஊர் இத்தகைய தட்டுகளுக்குப் பேர்போனது. அந்த நாட்டில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. பல பீர் ஆலைகள் அதில் மூடிப்போயின. அதற்கு முந்தைய தட்டுகளைச் சேகரிப்பவர்கள் தேடித்தேடி வாங்குகிறார்கள். மதுவிலக்கு அங்கே தட்டை அரிதாக்கியது. இங்கே பக்கத்து மாநிலத்தின் மதுவிலக்கு எங்கள் ஊருக்குத் தட்டுகளைக் கொண்டுவந்து குவித்தது.

குடியோடு சேர்ந்து ஒரு பெயர் கடல் தாண்டி வருவதும் எங்கள் ஆற்றங்கரைக்குப் புதிதல்ல. ஆற்றை ஒட்டிய அரிக்கமேட்டில் தொல்லியலாளர் வீலர் 1945இல் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடிகளின் உடைசல்களோடு, இத்தாலியின் அரெட்சோவில் செய்த சிவப்புத் தட்டுகளின் துண்டுகளும் வந்தன. சிலவற்றில் குயவரின் முத்திரை இருந்தது. அந்தத் துண்டுகளை அளந்து, வரைந்து, நூலில் ஏற்றினார்கள். எங்கள் பார்த் தட்டுகளுக்கு அந்த மரியாதையில் கால்வாசியாவது கிடைக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கேபிள் தொலைக்காட்சி விதிகள் 2000இல் மது விளம்பரத்தைத் தடை செய்தன. அதே பீர்களின் பெயரில் சோடாவும் குடிநீரும் காலண்டரும் வந்தன. பாரில் இப்போது பிளாஸ்டிக் தட்டும் எவர்சில்வரும்தான் அதிகம். தகரம் எடைக்குப் போகிறது.

பழைய பார் நடத்திய குடும்பங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். தட்டு கிடைத்தால் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்காதீர்கள், படம் போய்விடும். பின்புறம் ஒரு சீட்டு ஒட்டி, எந்த வீதியில் இருந்த கடை, ஏறக்குறைய எந்த ஆண்டு, யார் கையில் புழங்கியது என்று எழுதி வையுங்கள்.