நாணய சேகரிப்பிலும் ரேங்க் லிஸ்ட்: 'செட் ரெஜிஸ்ட்ரி'யில் மார்க் போடுவது எப்படி?

1963-ம் ஆண்டின் அமெரிக்க ஒரு சென்ட் நாணயம் ஒன்று 2003-ல் 39,100 டாலருக்கு ஏலம் போனது. அது தங்கமும் இல்லை, வெள்ளியும் இல்லை. சேகரிப்பாளர்களுக்காகவே பளபளப்பாக அச்சடிக்கப்படும் 'புரூஃப்' ரக நாணயம் அது. அந்த ஆண்டில் மட்டும் 30 லட்சத்துக்கும் அதிகமாக அச்சடித்தார்கள். அப்புறம் ஏன் இவ்வளவு விலை? அதன் பிளாஸ்டிக் உறையில் 70 என்ற எண் இருந்தது. அவ்வளவுதான்.

அந்த எண்ணுக்காகச் சேகரிப்பாளர்கள் போட்டி போடும் களம்தான் 'செட் ரெஜிஸ்ட்ரி'.

70 என்றால் என்ன?

வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949-ல், பழைய அமெரிக்க சென்ட் நாணயங்களுக்காக 1 முதல் 70 வரையிலான ஓர் அளவுகோலை உருவாக்கினார். தேய்ந்துபோன நாணயம் 1 டாலர் என்றால், அப்பழுக்கற்றது 70 டாலர் என்பது அவர் போட்ட கணக்கு. விலைக் கணக்கு காலாவதியாகிவிட்டது, எண்கள் மட்டும் நிலைத்துவிட்டன. இன்று 60-க்கு மேல் என்றால் புழக்கத்துக்கே வராத நாணயம் என்று பொருள். 58 என்றால் லேசாகக் கைபட்டது.

1980-களில் அமெரிக்காவில் தொடங்கிய பிசிஜிஎஸ், என்ஜிசி ஆகிய இரண்டு நிறுவனங்கள் நாணயத்தைப் பரிசோதித்து, கிரேடு கொடுத்து, பிளாஸ்டிக் உறையில் சீல் செய்து தருகின்றன. ஒவ்வொரு உறைக்கும் தனி சான்றிதழ் எண் உண்டு. அந்த எண்ணைப் பதிவு செய்தால்தான் ரெஜிஸ்ட்ரிக்குள் போக முடியும். ஒரே நாணயத்தை இரண்டு பேர் தங்கள் கணக்கில் காட்ட முடியாது.

மார்க் எப்படிப் போடுறாங்க?

பிசிஜிஎஸ் முறையில் ஒவ்வொரு தொகுப்புக்கும் தேவையான நாணயங்களின் பட்டியல் உண்டு. எளிதில் கிடைக்கும் நாணயத்துக்கு வெயிட்டேஜ் 1. அரிதாக ஆக இது 10 வரை போகும். கிரேடை வெயிட்டேஜால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, பட்டியலின் மொத்த வெயிட்டேஜால் வகுக்க வேண்டும். இல்லாத நாணயத்துக்குப் பூஜ்யம்.

நான்கே நாணயங்கள் உள்ள ஒரு கற்பனைத் தொகுப்பை எடுத்துக்கொள்வோம். வெயிட்டேஜ் 1, 1, 2, 6. மொத்தம் 10.

• முதல் நபரிடம் 67, 67, 66 கிரேடு நாணயங்கள். நான்காவது, அரிய நாணயம் இல்லை. 67 + 67 + 132 = 266. மதிப்பெண் 26.6.

• இரண்டாவது நபரிடம் முதல் மூன்றும் 63 கிரேடு. அரிய நாணயம் லேசாகக் கைபட்ட 58. 63 + 63 + 126 + 348 = 600. மதிப்பெண் 60.

பளபளப்பில் முதல் நபர்தான் கெத்து. ரேங்கில் இரண்டாவது நபர் எங்கேயோ போய்விட்டார். நிஜத்திலும் இதுதான் நடக்கிறது. லிங்கன் சென்ட் தொகுப்பில் சான் பிரான்சிஸ்கோவில் 4,84,000 மட்டுமே அச்சான 1909-ம் ஆண்டு 'எஸ் விடிபி' நாணயத்தைத் தேடி எல்லாரும் ஓடுவது இதனால்தான். செம்பு நாணயம் அசல் சிவப்பு நிறத்தோடு இருந்தால் கூடுதல் புள்ளியும் உண்டு.

என்ஜிசி முறை வேறு. அங்கே சராசரி கிடையாது. ஒவ்வொரு நாணயத்துக்கும், ஒவ்வொரு கிரேடுக்கும் அரிதான தன்மையையும் மதிப்பையும் வைத்துத் தனிப் புள்ளி உண்டு. அதையெல்லாம் கூட்டினால் ரேங்க். அதனால் உச்ச கிரேடுகளில் ஒரு படி ஏறினாலே புள்ளி பல மடங்கு தாவலாம்.

போட்டி யாரோடு?

உயிரோடு இல்லாதவர்களோடும் போட்டி உண்டு! தேதி, அச்சகம் வாரியாக அமெரிக்க நாணயங்களை முழுமையாகச் சேர்த்து முடித்தவர் என்று பெயர் பெற்றவர் பால்டிமோரைச் சேர்ந்த லூயிஸ் எலியாஸ்பெர்க். 1950-ல் முடித்தார், 1976-ல் மறைந்தார். அவருடைய தொகுப்பு பிசிஜிஎஸ் பட்டியலில் இன்றும் இருக்கிறது. அதைத் தாண்டியவர் அமெரிக்கத் தொழிலதிபர் டெல் லாய் ஹேன்சன்.

விலை ஏன் எகிறுது?

69-க்கும் 70-க்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. ஆனால் முதலிடத்துக்கு மோதும் இரண்டு பேருக்கு அந்த ஒரு புள்ளி போதும். ஏலத்தில் விடவே மாட்டார்கள். சிக்கல் என்னவென்றால், அந்த கிரேடில் இத்தனை நாணயங்கள்தான் உள்ளன என்ற எண்ணிக்கை நிரந்தரமானது இல்லை. வீட்டில் கிடந்த நாணயங்களைப் பலர் புதிதாக அனுப்புகிறார்கள். சிலர் உறையை உடைத்து, இன்னும் நல்ல கிரேடு கிடைக்குமா என்று மறுபடி அனுப்புகிறார்கள். அந்த 1963 சென்ட்டுக்கும் இதே கதிதான். பின்னாளில் மேலும் பல சென்ட்டுகளுக்கு 70 கிடைத்தது, விலை சரிந்தது.

இந்தியாவிலிருந்து சேரலாமா?

சேரலாம். ஆனால் சட்டத்தைப் பார்த்துவிட்டுச் சேருங்கள். 1972-ம் ஆண்டின் தொல்பொருட்கள் சட்டப்படி 100 ஆண்டு பழமையான நாணயம் தொல்பொருள். அதைத் தனிநபர் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. 'கிரேடு போட்டதும் திரும்பி வந்துடும்' என்று விக்டோரியா ராணி காலத்து வெள்ளி ரூபாயை கூரியரில் போடுவது சிக்கலில் முடியும். ஆறாம் ஜார்ஜ் கால ரூபாய்கள் இன்னும் அந்த வயதைத் தொடவில்லை.

உறையோடு வாங்குவதாக இருந்தால், சான்றிதழ் எண்ணை அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். போலி உறைகளும் சந்தையில் உண்டு. 'இந்த கிரேடில் இது ஒன்றுதான் இருக்கு' என்று யாராவது விற்க வந்தால், இன்றைக்கு ஒன்றுதான் என்று படித்துக்கொள்ளுங்கள்.