சத்தமில்லாமல் போன கேஸ் மானியம்

புதுச்சேரியில் ஒரு குடும்பத்துக்கு அரசு எவ்வளவு உதவும் என்பதை ரேஷன் கார்டின் நிறமே சொல்லிவிடும். சிவப்பு என்றால் வறுமைக் கோட்டுக்குக் கீழே, மஞ்சள் என்றால் மேலே. 2023 மார்ச் பட்ஜெட்டில் முதல்வர் ரங்கசாமி சமையல் கேஸுக்கு மானியம் அறிவித்தார். நடைமுறைக்கு வந்தபோது சிலிண்டருக்குச் சிவப்புக்கு 300 ரூபாய், மஞ்சளுக்கு 150. கேஸ் மானியம் மத்திய அரசு சமாச்சாரம் ஆயிற்றே, இந்தச் சின்ன யூனியன் பிரதேசம் அதை ஏன் தன் தலையில் போட்டுக்கொண்டது? அந்தக் கேள்வியோடு பழைய செய்திகளைத் தோண்ட ஆரம்பித்தேன்.

முதலில் சீமெண்ணெய். கேனைக் கொண்டுபோனால் ரேஷன் கடையில் அளந்து ஊற்றுவார்கள். வெளி விலையைவிடக் குறைவாகக் கொடுக்கிறோமே, அந்த வித்தியாசம்தான் மானியம். தனியாக யாரும் வாங்க வேண்டியதில்லை. டீசலில் கலக்கக் கடத்தினார்கள் என்பதும் உண்மைதான், அதை மறைக்க வேண்டாம். கேஸும் அப்படித்தான், விலைக்குள்ளேயே மானியம்.

2012 செப்டம்பரில் மன்மோகன் சிங் அரசு வருஷத்துக்கு 6 சிலிண்டருக்குத்தான் மானியம் என்றது. 2013 ஜனவரியில் அதுவே 9 ஆனது, 2014இல் 12. ஒன்றரை வருஷத்துக்குள் இரண்டு முறை இறங்கி வந்திருக்கிறார்கள். ஏன்? சிலிண்டர் போடுகிறவர் வாசலில் நின்று கூடுதல் விலை கேட்கும் அன்றைக்கே ஒவ்வொரு வீட்டுக்கும் அது தெரிந்துவிடும். தேர்தலும் வந்துகொண்டிருந்தது.

2015 ஜனவரி 1 முதல் 'பஹல்' திட்டம் நாடு முழுக்க வந்தது. சந்தை விலை முழுவதையும் நாம் கொடுத்துவிட வேண்டும், மானியம் பின்னால் வங்கிக் கணக்கில் விழும். அதே வருஷம் செப்டம்பரில் புதுச்சேரியில் ரேஷன் அரிசிக்கும் பதில் பணம் என்றானது. (அரிசியா பணமா என்று பிறகு நாராயணசாமிக்கும் கிரண் பேடிக்கும் நடந்த மல்லுக்கட்டு தனிக் கதை.)

எனக்கு முக்கியமாகப் படுவது 2020தான். கொரோனா ஊரடங்கில் உலகச் சந்தையில் விலை விழுந்தது. மே மாதம் சென்னையில் சிலிண்டர் 569.50 ரூபாய். சந்தை விலையே இறங்கிவிட்டதால் மானியம் பூஜ்யம். சரி, நியாயம்தான். ஆனால் விலை மறுபடி ஏறியபோது மானியம் கூடவே ஏறவில்லை. 2023 மார்ச்சில் அதே சென்னையில் 1,118.50 ரூபாய்! மானியம் ரத்து என்று ஒரு நாளும் அறிவிக்கவில்லை. 2020 ஜூனிலிருந்தே மானியம் கிடையாது என்று பெட்ரோலியத் துறைச் செயலாளர் செய்தியாளர்களிடம் சொன்னது 2022 ஜூனில். அதற்குச் சற்று முன்புதான் உஜ்வலா இணைப்புகளுக்கு மட்டும் 200 ரூபாய் தர முடிவெடுத்திருந்தார்கள்.

விலைக்குள் இருந்த மானியத்தில் கைவைத்தபோது அரசே பின்வாங்க வேண்டியிருந்தது. வங்கிக்குப் போன மானியம் வராமல் நின்றதோ, பலருக்குப் பாஸ்புக்கைப் பார்த்தபோதுதான் தெரிந்திருக்கும். ரங்கசாமியின் 300 ரூபாய் இந்தப் பள்ளத்தில் போட்ட மண்.

ஆனால் அதுவும் வங்கி வழியாகத்தான். தினக்கூலி வீட்டில் சிலிண்டர் வரும் அன்றைக்கு முழுப் பணமும் கையில் இருந்தாக வேண்டும். இங்கே கொஞ்சம் பிரான்ஸைப் பார்க்கலாம், நமக்குப் பழைய உறவுதானே. அங்கே 2018 முதல் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை 'எரிசக்திக் காசோலை' போகிறது, 48 முதல் 277 யூரோ வரை. கரண்ட் பில்லையோ கேஸ் பில்லையோ அதை வைத்தே கட்டலாம். கையிலிருந்து போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்களுக்கு அது கிடையாது, பிரான்ஸில் வீடு இருக்க வேண்டும்.

2024 அக்டோபரில், தீபாவளிக்கு முன், மூடிக்கிடந்த ரேஷன் கடைகளைத் திறந்து திரும்ப அரிசி போட ஆரம்பித்தார் ரங்கசாமி. பணமே போதும் என்ற ஏற்பாடு அரிசி விஷயத்தில் ஒன்பது வருஷம்தான் தாங்கியது. கேஸுக்கு மட்டும் இன்னும் முதலில் முழுக்காசு, பிறகு வங்கியிலிருந்து எஸ்எம்எஸ்.